பில் குறைந்த வீடு

போன மாதம் எதிர்வீட்டுக்காரர் சிரித்த முகத்தோடு வந்து, இந்த முறை கரண்ட் பில் பாதியாகக் குறைந்துவிட்டது என்றார். நான் "எதனால்?" என்று கேட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. வெளியூர் போயிருந்தீர்களா, ஏதாவது பழுதாகிக் கிடக்கிறதா, எலக்ட்ரீஷியன் யாராவது வந்துபோனாரா, அவர் எதையாவது கழற்றினாரா என்று வரிசையாகக் கேட்டேன்.

"பொண்ணு பிரசவத்துக்கு வந்திருந்தா மேடம். ஏசி ஓயாம ஓடிச்சு. இப்போ புருஷன் வீட்டுக்குப் போயிட்டா. அவ்ளோதான்."

அப்படியும் அவர்கள் வீட்டு எர்த் கம்பியைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன். அவருடைய மருமகள் மின்துறையில் உதவிப் பொறியாளராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். "பில் ஏறினாத்தான் ஆன்ட்டி எல்லாரும் பயப்படுவாங்க. நீங்க இன்னா இறங்கினா பயப்படுறீங்க?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எழுபதுகளின் பிற்பாதியில் கும்மிடிப்பூண்டி மின்சார அலுவலகத்தில் மீட்டர் சோதனை மேசை என் பொறுப்பில் இருந்தது. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்திருந்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கம்பம் ஏறச் சொல்லவில்லை, ஏறுகிறேன் என்றபோது சிரித்தார்கள், பிறகு மேசையில் உட்கார வைத்தார்கள். மேசை எனக்குப் பிடித்திருந்தது. எதையும் ஒன்று, இரண்டு என்று வரிசைப்படுத்தினால்தான் எனக்கு மூச்சு சீராக வரும். மீட்டர் சோதனை அப்படிப்பட்ட வேலை.

முறை இதுதான். பில் ஏறிவிட்டது, மீட்டர் வேகமாக ஓடுகிறது என்று ஒருவர் மனு கொடுத்தால், அவர் வீட்டு மீட்டரைக் கழற்றிக்கொண்டு வந்து, பதிலுக்கு வேறொன்றைப் பொருத்திவிடுவார்கள். வந்த மீட்டரை மேசைச் சட்டத்தில் நேராக மாட்டி, நீர்க்குமிழ் மட்டம் வைத்துச் சாய்வு பார்ப்பேன். பிறகு அளவு தெரிந்த மின்சுமையைக் கொடுத்து, உள்ளே இருக்கும் அலுமினியத் தகடு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று நிறுத்துக் கடிகாரம் வைத்து எண்ணுவேன். தகட்டின் விளிம்பில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். அது கண்ணாடிக்கு முன்னால் வரும்போதெல்லாம் எண்ண வேண்டும். கடைசியில் சுமையை எடுத்துவிட்டுக் காத்திருப்பேன். எதுவும் ஓடாதபோது தகடு நிற்க வேண்டும். நின்றால் மீட்டர் சரி. மீட்டர் சரி என்றால் மனு தள்ளுபடி.

அந்த வருஷங்களில் மனுக்கள் குவிந்தன. மண்ணெண்ணெய்க்கு ரேஷன் கடையில் டின்னை வரிசையில் வைத்துவிட்டு நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டியிருந்தது. கிடைத்தாலும் விலை ஏறியிருந்தது. விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த வீடுகள் பயந்து பயந்து கரண்ட் வாங்கின. வாங்கிய பிறகு கரண்ட் கட்டணமும் ஏறியது. மனு கொடுக்க வருகிறவர்கள் கோபமாக வரமாட்டார்கள். கையைக் கட்டிக்கொண்டு நின்று, "ரெண்டு பல்புதாம்மா போடுறோம்" என்பார்கள். மீட்டர் பொய் சொல்லுகிறது என்று நான் எழுதிக் கொடுத்துவிடமாட்டேனா என்று என் முகத்தையே பார்ப்பார்கள். அநேகமாக எல்லா மீட்டரும் சரியாகவே இருந்தன.

எங்கள் அதிகாரி ஜனார்த்தனம் சார். குரல் உயர்த்தாத மனிதர். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. யாராவது அவசரமாக ஓடிவந்து எதையாவது சொன்னால், சொல்லி முடித்ததும், "இப்போ திருப்பிச் சொல்லு" என்பார். இரண்டாம் முறை சொல்லும்போது பதற்றத்தில் சேர்ந்தது உதிர்ந்துவிடும் என்பது அவர் கணக்கு. இன்னொரு பழக்கம், லைனை நிறுத்துவதோ ஏற்றுவதோ பற்றிப் போனில் பேச வேண்டியிருந்தால் உட்கார்ந்து பேசமாட்டார். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து நின்றுதான் ரிசீவரை எடுப்பார். அவர் எழுந்தாலே அலுவலகம் அமைதியாகிவிடும்.

அவரிடம் ஒரு மனுவைக் கொண்டுபோனேன். மனுதாரர் பெயர் சாலமன். இரும்புக் கம்பி இழுக்கும் ரோலிங் மில்லில் வேலை. அவருடைய அப்பா காலம்வரை நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பம். மில்லுக்கு அந்தப் பக்கம் புறம்போக்கை ஒட்டி ஓட்டு வீடுகளாக ஒரு வரிசை இருந்தது. அதில் ஒரு வீட்டைத் தானே கட்டி, கரண்டும் இழுத்திருந்தார். மூன்று பல்பு, ஒரு ரேடியோ. கிறிஸ்துமஸ் வரை பில் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் ஏறியது. ரேடியோவை நிறுத்தினார்கள். ஏறியது. ஒரு பல்பைக் கழற்றினார்கள். ஏறியது. கட்டவில்லை என்றால் லைனை வெட்டிவிடுவார்கள் என்ற பயத்தில் அவர் மனைவி எஸ்தர் காது ஜிமிக்கியை அடகு வைத்திருந்தார்.

மீட்டரைச் சோதித்தேன். சரியாக இருந்தது. மறுபடி சோதித்தேன். சரியாகவே இருந்தது.

"சார், மூணு பல்பும் ஒரு ரேடியோவும் இவ்வளவு யூனிட் எடுக்காது. வீட்டுக்குள்ள கரண்ட் எங்கயோ கசியுது" என்றேன்.

"மீட்டர் வரைக்கும்தாம்மா நம்ம கல்யாணம்" என்றார் அவர். "அதுக்கப்புறம் அவங்க குடித்தனம். நாம எட்டிப் பார்க்கக் கூடாது."

விதி அப்படித்தான் இருந்தது. மீட்டருக்குப் பின்னால் இருக்கும் வயர் வீட்டுக்காரருடையது. அதனால் முடிவைக் கேட்க வந்த சாலமனிடம், மனு தள்ளுபடி என்று சொன்னதோடு வாய்வழியாக ஒன்றைச் சேர்த்துச் சொன்னேன். வீட்டில் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு மீட்டர் தகட்டைப் பாருங்கள். அப்போதும் சுற்றினால், லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வயரிங்கைக் காட்டுங்கள். அவர் தலையாட்டிக்கொண்டு போனார்.

அடுத்த முறை அவர் வந்தபோது ஒரு முற்பகல். இரவு ஷிஃப்ட் முடித்து, வீட்டுக்குப் போய்க் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். கையில் ஒரு பொட்டலம் காராசேவு.

"எடுத்துக்கோங்க மேடம். பேஜாரு தீந்துபோச்சி. பில்லு பழையபடிக்கு எறங்கிடுச்சி. பெட்டிஷனு கிட்டிஷனு இனிமே வாணாம்."

அலுவலகத்தில் இருந்தவர்கள் காராசேவில் கைவைத்தார்கள். லைன்மேன் கோதண்டம், "பில்லு கொறஞ்சி ஸ்வீட் குடுக்கற மொத ஆளு நீதாய்யா. அதுவும் காரமா குடுக்கற" என்றார்.

எனக்கும் மகிழ்ச்சிதான். "கசிவு எங்க இருந்தது?" என்று கேட்டேன்.

"நீங்க சொன்ன மாரியேதான் மேடம். எல்லா சுச்சியும் ஆப் பண்ணிட்டு பாத்தேன். தகடு ஜம்முனு சுத்திக்கினு கீது. எங்க மில்லு பிட்டர் முனுசாமிய இட்டுக்கினு வந்தேன். அவன் ஒவ்வொரு கம்பியா பாத்துக்கினே வந்தான். போர்டாண்ட ஒரு கம்பி கீது பாருங்க, தரைக்குப் போறது. அத்தக் கழட்டினான். தகடு டக்குனு நின்னுபோச்சி. என் கண்ணால பாத்தேன். அந்தக் கம்பிதான் மேடம், கரண்ட்ட அப்படியே பூமிக்கு இட்டுக்கினு போயி ஊத்திக்கினு இருந்திருக்குது. கழட்டி வீசிட்டோம். இப்போ ரேடியோ கூட போட்டுக்கினு ஜாலியா கீறோம்."

காராசேவை மென்றுகொண்டிருந்த கோதண்டம் நிறுத்திவிட்டார்.

சாலமன் பார்த்தது உண்மை. கம்பியைக் கழற்றியதும் தகடு நின்றது. யாராக இருந்தாலும் அந்தக் கம்பிதான் குற்றவாளி என்று நினைப்பார்கள். ஆனால் அந்த எர்த் கம்பி, எங்கோ கெட்டுப்போன வயரிலிருந்து வயர் ஓடுகிற இரும்புக் குழாயில் ஏறிய கரண்டை ஆளைத் தொடவிடாமல் மண்ணுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. அதைக் கழற்றிய பிறகு கசிவு நின்றிருக்காது. போக வழியில்லாமல் குழாயிலேயே நின்றுகொண்டிருக்கும். அடுத்து யார் தொடுகிறார்களோ அவர்கள் வழியாகப் போகும்.

"சாலமன், உங்க வீட்டு லைட் பைப் எங்கெல்லாம் போகுது?"

"ஊட்டுக்குள்ள போயி, சுவத்துக்கு அந்தாண்ட வந்து, துணி தொவைக்கற கல்லாண்ட ஒரு லைட்டு கீது. அது வரிக்கும் போவுது."

"அந்தப் பைப்ல ஏதாவது கட்டியிருக்கா?"

"துணி காயப்போடற கம்பி. ஒரு பக்கம் பைப்புல, ஒரு பக்கம் முருங்க மரத்துல."

"வீட்டுல யாராவது ஷாக் அடிக்குதுன்னு சொன்னாங்களா?"

அவர் சிரித்தார். "எஸ்தருதான் கொஞ்ச நாளாவே அப்பப்போ கொடி கடிக்குது, கொடி கடிக்குதுன்னு சொல்லிக்கினு கீது. முருங்க மரத்துல இன்னா இருக்கும், கம்பளிப்பூச்சியா இருக்கும்னு சொன்னேன்." சிரிப்பு பாதியிலேயே நின்றது. என் முகத்தில் ஏதோ பார்த்திருக்க வேண்டும். "இன்னா மேடம்?"

"அவங்க துணி எப்போ துவைப்பாங்க?"

"நான் கெளம்பசொல்லோ ஊற வெச்சிக்கினு இருந்துச்சி."

நான் ஜனார்த்தனம் சார் அறைக்குப் போனேன். ஓடவில்லை என்று நினைக்கிறேன். ஓடினேன் என்று கோதண்டம் பிற்பாடு சொன்னார். சொல்ல வேண்டியதை ஒரே மூச்சில் சொன்னேன்.

"இப்போ திருப்பிச் சொல்லு" என்றார்.

அந்த நிமிஷம் அவர்மேல் வந்த ஆத்திரம் இன்றைக்கும் நினைவிருக்கிறது. திருப்பிச் சொன்னேன். ஒன்று, வயர் எங்கோ பைப்பைத் தொடுகிறது. இரண்டு, எர்த் இல்லை. மூன்று, பைப்பில் துணிக்கம்பி கட்டியிருக்கிறது. நான்கு, ஒரு பெண் ஈரத் தரையில் வெறுங்காலோடு ஈரத் துணியை அதில் போடப் போகிறாள். இரண்டாம் முறை சொன்னபோது எதுவும் உதிரவில்லை. நான்கும் அப்படியே நின்றன.

"ஜீப்?"

"காலையிலயே லைனுக்குப் போயிருக்கு சார்."

"அந்தப் பக்கம் நம்ம ஆள் யாராவது?"

"இல்ல சார்."

"அந்த வரிசைக்குக் கரண்ட் எந்த ஃபீடர் லைன்ல போகுது?"

"மில் ஃபீடர்தான் சார். மில்லும் அதுலதான் இருக்கு."

பின்னாலேயே வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற சாலமனுக்கு அப்போதுதான் முழுவதும் புரிந்தது. மில் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்டை வெட்டினால் என்ன ஆகும் என்று எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். பழுக்கக் காய்ச்சிய இரும்பு, உருளைகளுக்கு நடுவில் அப்படியே நின்றுவிடும். ஆறி இறுகியதும் அதை வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஒரு ஷிஃப்ட் வேலை போய்விடும். யாரால் நின்றது என்று விசாரிப்பார்கள்.

"சார், என்னிய வேலையவிட்டு அனுப்பிடுவாங்க சார்" என்றார். சொன்ன அடுத்த நொடியே, "அனுப்பட்டும் சார். நிறுத்துங்க சார்" என்றார்.

ஜனார்த்தனம் சார் என்னைப் பார்த்தார். "நிச்சயமாத் தெரியுமா?"

தெரியாது. நான் அந்த வீட்டைப் பார்த்ததே இல்லை. பூச்சி கடித்தும் இருக்கலாம். "நிச்சயம் இல்ல சார். ஆனா அப்படித்தான் இருக்கணும்" என்றேன்.

அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். துணை மின்நிலையத்தை அழைத்து, மில் ஃபீடரை உடனே இறக்கச் சொன்னார். தானே மறுபடி கூப்பிட்டுச் சொல்லும்வரை யார் கேட்டாலும் ஏற்றக் கூடாது என்றார். பிறகு, "நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க" என்றார். அந்தப் பக்கம் ஆபரேட்டர் திருப்பிச் சொல்வதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு ரிசீவரை வைத்தார்.

"மில்லுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நீ போ."

நாங்கள் படியிறங்கும்போதே உள்ளே போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது.

சாலமன் சைக்கிளின் பின்சீட்டில் உட்கார்ந்தேன். கோதண்டம் கயிறும் கருவிப் பையும் எடுத்துக்கொண்டு தன் சைக்கிளில் பின்தொடர்ந்தார். ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி போய்க்கொண்டே இருந்தது. சாலமன் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி, "இப்போ கரண்ட்டு இல்ல இல்ல மேடம்? நிச்சயமா இல்ல இல்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இல்லை என்று நானும் ஒவ்வொரு முறையும் சொன்னேன். கரண்ட் இப்போது இல்லை. ஆனால் அதை நிறுத்துவதற்கு முன்பு என்ன நடந்திருக்கும் என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

மில்லைக் கடந்தபோது எந்தச் சத்தமும் இல்லை. வெளியே வந்து நின்றிருந்த ஆட்களில் ஒருவர், "சாலமா, எங்க போற? மில்லு நின்னுபோச்சி" என்று கத்தினார். சாலமன் திரும்பவில்லை.

வீட்டு வாசலில் யாரும் இல்லை. சாலமன் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டுப் பக்கவாட்டில் ஓடினார். துவைக்கிற கல்மேல் பிழிந்த சேலை ஒன்று முறுக்கின முறுக்கோடு கிடந்தது. வாளி இருந்தது. ஆள் இல்லை.

"எஸ்தரு" என்று அவர் கூப்பிட்ட குரல் எனக்கு இன்னும் கேட்கிறது.

"இன்னாத்துக்கு இப்படிக் கத்தற?" என்று வீட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. எஸ்தர் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "நல்ல பாட்டு ஓடிக்கினு இருந்துச்சி. சேலைய காயப்போடலாம்னு எடுத்தேன், நின்னுபோச்சி. ரேடியோதான் பூட்டுச்சோன்னு உள்ள போயி தட்டிப் பாத்துக்கினு இருந்தேன். கரண்ட்டே இல்ல." பிறகு என்னைப் பார்த்தார். "இது யாரு?"

சாலமன் கல்மேல் உட்கார்ந்துவிட்டார்.

இதற்குப் பிறகு நடந்ததில் அவசரம் இல்லை, வரிசை மட்டும்தான். கோதண்டம் கம்பத்தில் ஏறி அந்த வீட்டுக்கு வரும் இணைப்பை மட்டும் பிரித்தார். சாலமன் மில்லுக்குப் போய் அங்கிருந்த போனில் எங்கள் அலுவலகத்துக்குச் செய்தி சொன்னார். பிறகு ஃபீடரை ஏற்றினார்கள். நான் கெட்டுப்போன வயரைத் தேடினேன். பில் எப்போதிலிருந்து ஏறியது என்று எஸ்தரிடம் மறுபடி கேட்டேன். கிறிஸ்துமஸ் கழித்து என்றார். கிறிஸ்துமஸுக்குச் சுவரில் புதிதாக என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். வெள்ளையடித்தோம், காலண்டர் மாட்டினோம் என்றார். ஏசு படம் போட்ட காலண்டர், பைப் சுவருக்குள் மறைந்துபோகிற இடத்துக்கு நேர் மேலே தொங்கியது.

"அத்த எடுக்காதீங்கம்மா. வருஷ நடுவுல எடுக்கக் கூடாது."

"படம் இருக்கட்டும். ஆணிதான் வேணும்."

ஆணியைப் பிடுங்கினோம். நீளமான ஆணி. சாலமன் மில்லிலிருந்து கொண்டுவந்தது. அதன் முனை பைப்பின் மூட்டு வழியாக இறங்கி, வயரின் உறையைக் கிழித்துக் கரிந்திருந்தது. அந்தத் துண்டு வயரை மாற்றினோம். எர்த் கம்பியை மறுபடி பொருத்தப் போனபோது பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் கூடிவிட்டார்கள். அப்போதுதான் தெரிந்தது, முனுசாமி அந்த வரிசையில் இன்னும் சில வீடுகளிலும் கம்பியைக் கழற்றிக் கொடுத்திருந்தார். தகடு சும்மா சுற்றாத வீடுகளிலும், எதற்கும் இருக்கட்டும் என்று கழற்றியிருந்தார்கள்.

ஒரு பெரியவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "அத்த மாட்டாத தாயி" என்றார். "நாங்களே டப்புக்கு அல்லாடிக்கினு கீறோம். பில்லு கொறஞ்சிடுச்சின்னு உங்க ஆபீசுக்குப் பொறுக்கல. மாட்டிட்டு போவ ஆள் அனுப்பிட்டாங்க."

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. ஆறு மாதமாகப் பில்லைப் பார்த்துப் பயந்தவர்களிடம் வந்து, பில் குறைந்ததைப் பார்த்துப் பயப்படுங்கள் என்றால் யார் கேட்பார்கள்?

நான் விளக்கம் சொல்லவில்லை. கம்பியைப் பொருத்தினேன். கோதண்டம் கம்பத்து இணைப்பைக் கொடுத்தார். எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு, பெரியவரை மீட்டருக்கு முன்னால் நிறுத்தினேன். எர்த் கம்பி மாட்டியிருக்கிறது, தகடு நிற்கிறது. அவர் சிவப்புக் கோட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அது அசையவில்லை. "எங்க ஊட்டுக்கும் வந்து பாரு" என்று மட்டும் சொன்னார். அன்று அந்த வரிசை முழுவதையும் பார்த்துக் கழற்றிய கம்பிகளை மாட்டினோம்.

பிறகு அலுவலகத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மில்லிலிருந்து மேலிடத்துக்குப் புகார் போனது. விளக்கம் கேட்டார்கள். ஜனார்த்தனம் சார் "உயிர் அபாயம், என் உத்தரவு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் பெயரையோ சாலமன் பெயரையோ எழுதவில்லை. சாலமனின் வேலை தப்பியது. அந்த வாரத்திலிருந்து, பில் ஏறியது என்று மனு வந்தால் மீட்டரைக் கழற்றும் முன்பு எங்கள் ஆள் ஒருவர் வீட்டுக்குப் போய், எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லித் தகட்டைப் பார்க்க வேண்டும் என்று அவர் வாய்மொழியாக ஏற்பாடு செய்தார். "குடித்தனத்தையும் கொஞ்சம் எட்டிப் பாருங்கம்மா" என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று, பில் திடீரென்று இறங்கிய வீடுகளையும் நானாகச் சேர்த்துக்கொண்டேன். அந்தப் பயம் ஓய்வுபெற்ற பிறகும் என்னை விடவில்லை.

அன்று சாலமன் வீட்டிலிருந்து நாங்கள் கிளம்பும் நேரம் எஸ்தர் முறுக்கிப் போட்டிருந்த சேலையை எடுத்துக்கொண்டு கொடியருகே வந்தார். ஆனால் போடவில்லை. தள்ளியே நின்றார்.

"எல்லாம் சரியாயிடுச்சி. போடுங்க" என்றேன்.

"நீ மொதல்ல தொடும்மா."

டெஸ்டரை வைத்துக் காட்டினேன். விளக்கு எரியவில்லை. அவர் டெஸ்டரைப் பார்க்கவே இல்லை. என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்படிச் செய்யக் கூடாது என்றுதான் எனக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த ஈரக் கல்மேல் ஏறி நின்று, உள்ளங்கையை முழுதாகக் கம்பிமேல் வைத்தேன்.

எஸ்தர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் கையை என் கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"சில்லுனு கீது" என்றார். "அவ்ளோதான்."

சேலையை உதறிக் கொடியில் போட்டார்.